தூளியை எப்போது அவிழ்ப்பது?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து மாதம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. பிறந்ததிலிருந்து சேலைத் தூளியில்தான் தூங்குகிறாள். என் பேறுகால விடுப்பு முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு பகலில் மாமியார் பார்த்துக்கொள்வார். அவருக்கு முழங்கால் வலி; வெகுநேரம் உட்கார்ந்து தூளி ஆட்ட முடியாது. அதனால் கணவர் மரத்தில் ஒரு குழந்தைக் கட்டில் வாங்கினார். மெத்தை, தலையணை, பக்கத் திண்டு எல்லாம் சேர்ந்தே வந்தன. நான்கு இரவுகள் முயன்றோம். தூளியில் தூங்கவைத்துக் கட்டிலுக்கு மாற்றினால் பத்து நிமிடத்தில் வீறிட்டு எழுகிறாள். போன வாரம் தூளிக்குள்ளேயே குப்புறப் புரண்டு கிடந்தாள். 'ஒரு வயது வரைக்கும் தூளிதான். கட்டிலில் போட்டால் குழந்தை பயந்துகொள்ளும்' என்கிறார் மாமியார். 'கட்டிலைத் தனி அறையில் போட்டு அழவிட்டால் இரண்டே நாளில் பழகிவிடும்' என்கிறார் கணவர். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் அப்படித்தான் செய்தாராம். யார் சொல்வதைக் கேட்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில் தருபவர்: குழந்தைகள் நல மருத்துவர்

கடிதத்தின் நடுவே, போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தூளிக்குள்ளேயே குப்புறப் புரண்டு கிடந்தாள் என்று. மாமியாருக்கும் கணவருக்கும் இடையிலான வழக்கில் அந்த வரியே பாதித் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. குழந்தை புரளத் தொடங்கிவிட்டால் தூளியில் தூங்கும் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். சில குழந்தைகள் நான்காம் மாதத்தில் புரளும், சில ஆறாம் மாதத்தில். ஆகவே 'ஒரு வயது', 'ஆறு மாதம்' என்று நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

எனவே இன்று இரவிலிருந்தே ஒன்றைக் கடைப்பிடியுங்கள். தூளியில் தூங்கவைக்கலாம், தூளியிலேயே தூங்கவிடக் கூடாது. ஆட்டுகிறவர் விழித்திருந்து, குழந்தையின் முகம் தெரியும்படி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வரைதான் தூளி. அவர் எழுந்து சமையலறைக்குப் போகிறார் என்றாலோ, அவருக்கே கண் சொக்குகிறது என்றாலோ, குழந்தை சமதளத்துக்கு வந்துவிட வேண்டும். அதுவும் அடுத்த இரண்டு வாரங்களுக்கு மட்டும். அதற்குள் தூளியை முழுவதுமாக விட்டுவிடலாம். உங்கள் விடுப்பு முடிய மூன்று வாரம் இருப்பதால் அவகாசம் சரியாகவே இருக்கிறது.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதன் காரணத்தை மாமியாரிடமும் சொல்லுங்கள். சேலைத் துணி குழந்தையின் எடைக்கு ஏற்பக் குழிகிறது. அந்தக் குழிவில் முதுகு வளைந்து, தலை முன்னால் சாய்ந்து, முகவாய் நெஞ்சில் படிந்துவிடலாம். பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகலானது, மென்மையானது. கழுத்து மடங்கினால் காற்று போகும் வழி சுருங்கும். முதல் சில மாதங்களில் மிக அதிகமாக இருக்கும் ஆபத்து இது. புரளும் வயதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சமதளத்தில் குப்புற விழுந்த குழந்தை கையை ஊன்றித் தலையைத் தூக்கும், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பும். தூளியில் ஊன்றுவதற்குத் தளமே இல்லை. கையை அழுத்தினால் துணிதான் கீழே போகும். மூக்கும் வாயும் மேலும் துணியில் புதையும். சத்தம் போடவும் முடியாது. போன வாரம் நீங்கள் பார்த்துவிட்டீர்கள், நல்லதாயிற்று.

அமெரிக்காவில் சாய்வாகப் படுக்கவைக்கும் குழந்தைப் படுக்கைகளில் மூச்சடைத்துக் குழந்தைகள் இறந்ததை அடுத்து, 10 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள படுக்கைகளை விற்பதற்கு 2022-ல் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். அவர்கள் தடுத்தது கடையில் விற்கும் படுக்கையைத்தான். ஆனால் சாய்வு, குழிவு, மடங்கும் கழுத்து என்ற காரணம் நம் தூளிக்கும் அப்படியே பொருந்தும்.

'நாங்கள் எல்லோரும் தூளியில்தானே வளர்ந்தோம்' என்று வீட்டில் கட்டாயம் சொல்வார்கள். உண்மைதான், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் பல வீடுகளில் தூளி பெரும்பாலும் பகல் தூக்கத்துக்குத்தான் இருந்தது. ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் அரிசி புடைக்கிற பாட்டி பக்கத்திலேயே இருப்பார். இரவில் குழந்தை அம்மாவின் பக்கத்தில் பாய்க்கு வந்துவிடும். மூடிய அறையில், எல்லோரும் தூங்கும்போது, இரவு முழுக்கத் தூளி என்பதைப் பழைய வழக்கம் என்று சொல்லிவிட முடியாது.

சரி, கட்டிலில் ஏன் அழுகிறாள்? கட்டிலைப் பிடிக்காததால் அல்ல. அது கட்டில் என்பதே அவளுக்குத் தெரியாது. தூளி அவளுக்கு இரண்டு விஷயங்களைத் தருகிறது. ஒன்று ஆட்டம். உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு சீரான அசைவை உணரும்போது குழந்தை அடங்கிப்போகிறது. வயிற்றுக்குள் இருந்த மாதங்களிலிருந்தே பழகிய அசைவு அது. மற்றொன்று அணைப்பு. கை கால் எந்தப் பக்கம் நீட்டினாலும் துணி தொட்டுக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கட்டிலுக்கு மாற்றிய இரவில் ஆட்டம், அணைப்பு, இடம் மூன்றும் ஒரே நொடியில் பறிபோயின. எந்தக் குழந்தையும் வீறிட்டுத்தான் எழும்.

மாமியார் 'பயந்துகொள்ளும்' என்கிறாரே, அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். தலை திடீரென்று பின்னால் சரிவதுபோல் உணர்ந்தால் சிறு குழந்தைகள் இரு கைகளையும் விரித்து, விதிர்த்து, பிறகு அழும். நாங்கள் மோரோ அனிச்சைச் செயல் என்கிறோம். மூன்றாம் மாதத்திலிருந்து குறைந்து, ஆறாம் மாதத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். உங்கள் மகளுக்கு இன்னும் மிச்சம் இருக்கலாம். தூளியில் துணி கைகளை அணைத்திருப்பதால் அந்த விதிர்ப்பு அடங்கிவிடுகிறது. கட்டிலில் அடங்குவதில்லை. மாமியாரின் கவனிப்பு சரி. அதற்காக ஒரு வயது வரை தூளி வேண்டும் என்பதுதான் சரியில்லை.

எனவே இடத்தை மாற்றுவதற்கு முன் ஆட்டத்தைக் குறையுங்கள். கடைகளும் உறவினர்களும் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்: கட்டிலை வாங்கு, போடு, பழகட்டும் என்று. அதே தூளியில், அதே துணியில், ஆட்டம் இல்லாமல் தூங்கக் கற்றுக்கொண்ட குழந்தைக்குக் கட்டில் பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

முதல் சில நாட்கள் வழக்கம்போலவே ஆட்டுங்கள், ஆனால் வீச்சைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சுவருக்குச் சுவர் பறக்கிற தூளி ஒரு முழம் அசைகிற தூளியாகட்டும். இமை கனத்து, கண் பாதி மூடியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, துணிக்குள் கையை விட்டு அவள் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தட்டுங்கள். சிணுங்கினால் இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு மறுபடியும் கைக்கு வாருங்கள். அவள் தூங்குவதற்கு முந்திய கடைசி நினைவு ஆட்டமாக இல்லாமல் உங்கள் கையாக இருக்க வேண்டும். ஏன் என்றால், இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம்கூட இருக்காது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குழந்தை அரைகுறையாக விழிக்கும். தூங்கும்போது இருந்த நிலைமையே விழிக்கும்போதும் இருந்தால் மறுபடி உறங்கிவிடும். ஆடிக்கொண்டே தூங்கி, ஆடாத இடத்தில் விழித்தால் 'எங்கே இருக்கிறேன்' என்று அலறும். இரவெல்லாம் எழுந்து எழுந்து தூளி ஆட்டுகிற பெற்றோரின் கதை முழுக்க இதுதான்.

அடுத்த சில நாட்கள் தூளியை ஆட்டவே வேண்டாம். தட்டிக்கொடுப்பது மட்டும். அதற்குப் பிறகு அதே தட்டலைக் கட்டிலுக்குக் கொண்டுபோங்கள். இப்போது அவளைத் தூங்கியபின் மாற்றாமல், கண் சொருகும் நிலையிலேயே கட்டிலில் கிடத்தப் பாருங்கள். முதலில் இரவுத் தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். நாள் முழுக்க விளையாடிய களைப்பு அப்போது உங்கள் பக்கம் நிற்கும். காலைத் தூக்கம் அடுத்தது. மாலை நாலு, ஐந்து மணிக்கு அரைமணி நேரம் போடுகிற குட்டித் தூக்கம் இருக்கிறதே, அதுதான் கடைசியாகப் பழகும். அதில் மல்லுக்கட்டாதீர்கள். தோளில் போட்டுக்கொண்டு தூங்கவைத்தால்கூட இப்போதைக்குப் போதும்.

இந்த இடைக்காலத்தில் தூளியில் தூங்கிய குழந்தையை மாற்றித்தான் ஆக வேண்டும். அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கண் மூடியதும் தூக்காதீர்கள். ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகக் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகும். கையைத் தூக்கிவிட்டால் துவண்டு விழுகிறதா, முறுக்கிய விரல்கள் பிரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு கை பிடரிக்கு அடியில், மறு கை இடுப்புக்கு அடியில் கொடுத்து, உங்கள் நெஞ்சோடு அணைத்தபடியே குனியுங்கள். கால் முதலில் மெத்தையைத் தொடட்டும், அடுத்து இடுப்பு, பிறகு முதுகு, தலை கடைசியாக. தலை முதலில் போனால் விழுவதுபோல் உணர்ந்து விதிர்க்கும். கட்டிலின் அடைப்பு உயரமாக இருந்தால், எட்டிக் குனிகிறவருக்குக் கை எட்டாமல், கடைசி நாலு விரற்கடை தூரம் குழந்தை கிட்டத்தட்ட நழுவித்தான் விழுகிறது. உங்கள் பத்து நிமிட அழுகைக்கு இதுவேகூடக் காரணமாக இருக்கலாம். உங்கள் மகள் இன்னும் உட்காரவோ முட்டிபோடவோ தொடங்கவில்லை என்றால், கட்டிலின் அடித்தட்டைத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் உயரமான நிலையிலேயே இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் முதுகுக்கும் நல்லது. கிடத்தியதும் கையை உருவாதீர்கள். பிடரிக் கையை மெதுவாக எடுத்துவிட்டு, மற்றொரு கையை நெஞ்சின்மேல் ஓரிரு நிமிடம் வைத்திருங்கள். குழந்தையின் மூச்சு சீராகிக் கையின் கீழ் ஏறி இறங்குவது தெரியும். அப்போது எடுக்கலாம்.

இன்னொன்று. தூளி கட்டியிருந்த அந்தப் பழைய பருத்திச் சேலையை எடுத்து, தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்து, கட்டில் மெத்தையின் அளவுக்கு நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து உறையாகத் தைக்கச் சொல்லுங்கள். தளர்ந்து சுருங்காமல் இழுத்துப் பிடித்தபடி இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பல நூறு தடவை துவைத்து மெத்தென்றாகிவிட்ட துணி, உங்கள் வாசனை, அவள் கன்னத்துக்குப் பழகிய நெசவு எல்லாம் கட்டிலுக்கு வந்துவிடும். சேலையை அப்படியே மடித்துக் கட்டிலுக்குள் போடுவது மட்டும் கூடவே கூடாது.

அணைப்பு போய்விட்டதே, துணியால் இறுகச் சுற்றிப் படுக்கவைக்கலாமா என்று தோன்றலாம். வேண்டாம். புரளும் குழந்தையைச் சுற்றினால் குப்புற விழுந்த பிறகு கையை ஊன்ற முடியாது.

இனி அந்தக் கட்டில். சேர்ந்து வந்த தலையணை, பக்கத் திண்டு, மெத்துமெத்தென்ற விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அழகாகத்தான் இருக்கும், பரிசு கொடுத்த மாதிரி ஒரு நிறைவும் இருக்கும். ஆனால் குழந்தையின் மூக்கு புதைவதற்கு அவை போதும். கட்டிலின் உட்புறம் கட்டும் திண்டுகளையும் மேலே சொன்ன 2022-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அமெரிக்காவில் தடை செய்துவிட்டார்கள். தலை உருண்டையாக வரும் என்று கடுகுத் தலையணை வைத்திருந்தால் அதுவும் வேண்டாம். தலை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க, விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு குப்புறப் போட்டு விளையாடவிடுங்கள். கட்டிலில் ஒரு நாள் தலையை வைத்த திசையில் மறுநாள் கால்களை வையுங்கள். உங்களையும் வெளிச்சத்தையும் தேடி அவளே தலையை மறுபக்கம் திருப்புவாள். பொம்மையும் போர்வையும் உள்ளே வேண்டாம். குளிர்ந்தால் இன்னொரு உடை போடலாம். ஈரோட்டுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. மின்விசிறிக் காற்று குழந்தைக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டுப் புழுக்கத்தில் போடுவதுதான் அங்கே அதிகம் நடக்கும். விசிறி ஓடட்டும்.

மெத்தை இலவம்பஞ்சாக இருந்தால் மாற்றுங்கள். பஞ்சு ஒதுங்கி நடுவில் குழி விழும். குழிதானே நமக்கு வேண்டாம் என்கிறோம். உள்ளங்கையால் அழுத்தி எடுத்ததும் தடம் மறைந்துவிட வேண்டும். பெரியவர்களுக்குப் 'பலகை மாதிரி இருக்கிறதே' என்று தோன்றுகிற மெத்தைதான் குழந்தைக்குச் சரி. மெத்தைக்கும் கட்டிலின் மரச்சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. பக்கக் கம்பிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது; குளிர்பான கேன் ஒன்றை நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் அந்தக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உடம்பு வெளியே போய்த் தலை மாட்டிக்கொள்கிற இடைவெளி அது. திரைச்சீலைக் கயிறு, கைப்பேசி சார்ஜர் வயர், ஜன்னல் இவை கைக்கு எட்டாத சுவரோரம் கட்டில் இருக்கட்டும். கொசுவலையைக் கட்டிலுக்கு வெளியே, தொய்வில்லாமல் விறைப்பாகக் கட்டுங்கள். கழுத்தில் தாயத்தோ கருப்புக் கயிறோ இருந்தால் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். வசம்பு வளையலும் அப்படியே. நூல் நைந்தால் மணி நேராக வாய்க்குத்தான் போகும். அரைஞாண் இறுக்கமில்லாமல் இருந்தால் இருக்கட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை.

இதைப் படிக்கும் எல்லோர் வீட்டிலும் கட்டில் வாங்க வசதியோ இடமோ இருக்காது. வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. நமக்குத் தேவை சமமான, கெட்டியான, வெறுமையான ஒரு தளம். தரையில் பாய், அதன்மேல் மடித்து இழுத்து விரித்த ஒரு பருத்தி விரிப்பு, அம்மாவுக்குக் கை எட்டுகிற தூரத்தில் குழந்தைக்கென்று தனி இடம். எறும்பு, பூச்சி வராமல் பார்த்துக்கொண்டால் பல ஆயிரம் ரூபாய்க் கட்டில் செய்கிற வேலையை இது செய்துவிடும். தலையணைகளும் மெத்துமெத்தென்ற பெரிய மெத்தையும் உள்ள பெரியவர்கள் கட்டிலில் நடுவில் போட்டுக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

மல்லாத்தித்தான் கிடத்த வேண்டும், ஒவ்வொரு முறையும். பால் கக்கினால் மூச்சுக்குழாயில் போய்விடாதா என்று கேட்பீர்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் மேடேறிப் போகாது, குழந்தை விழுங்கிவிடும் அல்லது துப்பிவிடும். அமெரிக்காவில் 1994-ல் மல்லாத்திப் படுக்கவைக்கும் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாமல் தூக்கத்தில் நேரும் குழந்தை இறப்புகள் அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. உங்கள் மகள் இரண்டு பக்கமும் தானாகப் புரள்கிறாள் என்றால், தூக்கத்தில் குப்புறத் திரும்பிக்கொண்டாலும் இரவெல்லாம் காவல் இருந்து திருப்பிப் போட வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும்தான் புரள்கிறாள் என்றால் பார்க்கும்போது திருப்பிப் போடுங்கள்.

கணவருக்கு வருகிறேன். தனி அறை இப்போது வேண்டாம். முதல் ஆறு மாதமாவது பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் குழந்தை தூங்க வேண்டும் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரை. 'வெளிநாட்டில் தனி அறை' என்று சொல்லும் நண்பரிடம் இதைச் சொல்லலாம். ஆறு மாதம் முடிந்த அன்றே தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதும் இல்லை. ஓராண்டு வரை உங்கள் அறையிலேயே இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அழவிட்டுப் பழக்குவதை ஆறு மாதத்துக்கு முன் நான் பரிந்துரைப்பதில்லை. உங்கள் வீட்டில் அதற்குத் தேவையும் இல்லை. அவளுடைய சிக்கல் பிடிவாதம் அல்ல. அதே சமயம், ஒவ்வொரு முனகலுக்கும் பாய்ந்து ஓடித் தூக்காதீர்கள். குழந்தைகள் தூக்கத்திலேயே சிணுங்கும், காலை உதைக்கும், முகத்தைச் சுளிக்கும். ஒரு நிமிடம் பொறுங்கள். பாதி நேரம் அதுவாகவே அடங்கிவிடும். அடங்காமல் அழுகை ஏறினால் போங்கள். முதலில் கை, பிறகு குரல், அதற்கும் அடங்காவிட்டால் தூக்குங்கள். கணவருக்கு உண்மையில் உதவ ஆசை இருந்தால், இரவின் முதல் விழிப்பை அவர் பார்த்துக்கொள்ளட்டும். பால் வாசனை இல்லாத கை தட்டிக்கொடுத்தால் சில குழந்தைகள் சீக்கிரம் அடங்கும்.

மாமியார்தான் இதில் முக்கியமான ஆள். பகல் தூக்கம் அவர் கையில்தான் போகப்போகிறது. 'டாக்டர் தூளியை எடுக்கச் சொல்லிவிட்டார்' என்று போய் நிற்காதீர்கள். தூளியில் தூங்கவைத்து ஒரு தலைமுறையை வளர்த்தவரிடம் அது எடுபடாது. 'உங்கள் முழங்காலுக்காகத்தான், அத்தை' என்று தொடங்குங்கள். அது பொய்யும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கட்டிலுக்குள் கையை விட்டுத் தட்டிக்கொடுக்கலாம் என்பது அவருக்கே ஆறுதலாக இருக்கும். தாலாட்டுப் பாடுகிறவர் என்றால் அப்படியே பாடட்டும். ஆட்டத்தைத்தான் நிறுத்தச் சொல்கிறேன், பாட்டை அல்ல. நீங்கள் வேலைக்குப் போவதற்கு முந்திய கடைசி வாரத்தில், பகல் தூக்கம் முழுவதையும் அவரே கட்டிலில் போட்டுப் பார்க்கட்டும், நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். அம்மா போன நாளும் தூளி போன நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரங்களில் இரவில் அதிகமாக எழுந்து பால் கேட்பாள். பகலில் விட்டதை இரவில் பிடித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். அதைப் பார்த்து 'கட்டில் ஒத்துக்கொள்ளவில்லை' என்று மறுபடி தூளி கட்டிவிடாதீர்கள். ஆறு மாதத்திலும் இரவில் ஓரிரு முறை பால் குடிப்பது இயல்பு. வயிறு நிறைய கஞ்சி கொடுத்தால் விடியும் வரை தூங்கும் என்று யாராவது சொல்வார்கள். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம், முடிந்த பிறகு கொடுக்கும் கஞ்சியும் தூக்க மருந்து அல்ல. பால் கொடுக்கும்போது நீங்களே சோபாவில் தூங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. களைப்பாக இருக்கும் இரவில் சோபாவைத் தவிருங்கள்.

சளி, காய்ச்சல், தடுப்பூசி போட்ட மறுநாள் என்றால் முன்னேறாமல் அங்கேயே நில்லுங்கள். உடம்பு தேறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அப்படிப்பட்ட இரவுகளில் மடியில் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் ஆட்டுங்கள். படுக்கும் இடம் மட்டும் சமதளமாகவே இருக்கட்டும். ஊர்த் திருவிழாவுக்குப் போனால் அங்கே உத்தரத்தில் தூளி தயாராகத் தொங்கும், நாலு பேர் ஆட்டவும் தயாராக இருப்பார்கள். அந்த உறவுக் கூட்டத்தில் வாக்குவாதம் செய்வதைவிட, கையோடு ஒரு பாயும் அந்தச் சேலை உறையும் எடுத்துப் போவது எளிது. குளிப்பாட்டியதும் போடுகிற சாம்பிராணிப் புகையையும் அங்கே கொஞ்சம் தள்ளியே வைக்கச் சொல்லுங்கள். தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நுரையீரலுக்கு நல்லதில்லை என்பதால் சொல்கிறேன்.

தூங்கும்போது சத்தமாகக் குறட்டை விடுவது, மூச்சு நின்று நின்று வருவது, பால் குடிக்கையில் வியர்த்துக் களைப்பது, எடை ஏறாதது, ஐந்து மாதம் கடந்தும் கழுத்து நிற்காதது இவற்றில் ஏதேனும் இருந்தால் தூளி, கட்டில் பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு உங்கள் குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் தூளியை அவிழ்க்கிறவர்கள் சேலையை மட்டும் எடுத்துவிட்டுக் கயிற்றைக் கொக்கியிலேயே விட்டுவிடுவார்கள். அடுத்த குழந்தைக்கு ஆகும் என்று. கயிற்றையும் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வரும் பெரிய பிள்ளைகள் அதில் ஏறிச் சுழன்று விளையாடும்போது கழுத்தில் முறுக்கிக்கொண்டு உயிரிழந்த சம்பவங்கள் நம் நாட்டுத் தடயவியல் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தூளியில் குழந்தை இருக்கும்போது பார்க்கிற நாம், வெறும் தூளியைக் கவனிப்பதில்லை.

கடைசியாக, கட்டிலின் அடித்தட்டு. இப்போது மேலே இருக்கலாம் என்றேன். அவள் உட்காரவோ முட்டிபோடவோ தொடங்கியதும் ஒரு படி இறக்குங்கள். மேலே கட்டித் தொங்கும் கிலுகிலுப்பை இருந்தால் அதை இப்போதே கழற்றிவிடுங்கள். எட்டு, ஒன்பது மாதத்தில் கம்பியைப் பிடித்து நிற்கத் தொடங்குவாள். அதற்கு முன் அடித்தட்டு ஆகக் கீழே போயிருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் குழந்தை ஒரு முறை எட்டிக் கீழே விழுந்த பிறகுதான் அதை இறக்குகிறார்கள். கட்டிலோடு வந்த 'எல்' வடிவத் திருகுச் சாவி எங்கே இருக்கிறது என்று கணவரை இன்றே தேடி எடுத்து, கட்டிலின் காலிலேயே ஒரு நூலால் கட்டி வைக்கச் சொல்லுங்கள். கட்டுகிற இடம் வெளிப்புறமாக, அவள் கைக்கு எட்டாததாக இருக்கட்டும்.